அன்லாக்டு போனுக்கு அப்டேட் வராமல் இழுக்கிறது: அம்மாவின் வங்கிச் செயலி என்ன ஆகும்?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அம்மாவுக்கு சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். ஒப்பந்தம் வேண்டாம், சிம் மட்டும் திட்டம் போதும் என்று அன்லாக்டாக எடுத்தேன். டெல்கோ (தொலைத்தொடர்பு நிறுவனம்) கடையில் சொன்ன விலையைவிட 150 வெள்ளி குறைவு. எந்த நாட்டு சிம்மும் போடலாம், அப்டேட் எல்லாம் தானாக வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

என் தங்கையிடமும் அதே மாடல்தான் இருக்கிறது. அவள் டெல்கோ ஒப்பந்தத்தில் எடுத்தாள். அவளுடைய போனில் பாதுகாப்பு அப்டேட் நவம்பர் என்று காட்டுகிறது. அம்மாவின் போன் ஆகஸ்டிலேயே நிற்கிறது. அப்டேட் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால், உங்கள் மென்பொருள் புதியதாகவே உள்ளது என்று பதில் வருகிறது. புது ஆண்ட்ராய்டு பதிப்பும் தங்கைக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை.

புது ஐகான், புது நிறம் இதெல்லாம் எங்களுக்கு முக்கியமில்லை. ஆனால் அம்மா சிங்பாஸ் என்ற அரசின் மின்னடையாளம், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் வங்கியின் டிஜிட்டல் டோக்கன், பணம் அனுப்பும் பேநவ் எல்லாவற்றையும் இந்த ஒரு போனில்தான் வைத்திருக்கிறார். தேக்கா சந்தையில் மீன் வாங்கினாலும் இதில்தான் பணம் அனுப்புகிறார். போலிச் செயலியில் சேமிப்பு முழுவதும் போனது என்று செய்தி படிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

அன்லாக்டு போன் என்றாலே இப்படித்தானா? காத்திருக்கலாமா, நாமே ஏதாவது செய்து அப்டேட்டை வரவழைக்க முடியுமா? ஒருநாள் வங்கிச் செயலி திறக்காமல் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துவாஸ்_தோழன்:

அண்ணா, என் போன் திருச்சியில் வாங்கியது. இங்கே வந்து சிங்கப்பூர் சிம் போட்ட பிறகும் அப்டேட் இந்தியாவுக்கு வரும்போதுதான் எனக்கும் வருகிறது. எங்கள் டார்மில் (தொழிலாளர் விடுதி) பக்கத்துக் கட்டில் அண்ணன் அதே மாடலை பங்களாதேஷில் வாங்கியிருக்கிறார், அவருக்கு வேறு நாளில் வரும். யாருடைய போனும் இதனால் கெட்டுப்போகவில்லை. காத்திருங்கள், வந்துவிடும்.

தோபாயோ_சர்வீஸ்அக்கா:

துவாஸ் தம்பி சொல்வது சரிதான். ஆனால் அம்மாவின் சேமிப்பு அந்தப் போனில் இருக்கும்போது, காத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தோ பாயோவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். வயதானவர்கள் திரை உடைந்தது, பேட்டரி நிற்கவில்லை என்று கொண்டுவருவார்கள். எந்தப் போன் கைக்கு வந்தாலும் பாதுகாப்பு அப்டேட் தேதியை நான் முதலில் பார்த்துவிடுவேன். நிறையப் பேருக்கு அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் டெல்கோ விற்கும் போனையும் சிம் லாக் செய்ய அனுமதி இல்லை. உங்கள் தங்கையின் போனிலும் எந்த சிம்மையும் போடலாம். ஆகவே அம்மாவின் போன் பின்தங்குவதற்கு அன்லாக்டு என்பது காரணம் இல்லை. உள்ளே இருக்கும் மென்பொருள் எந்த நாட்டுச் சந்தைக்காகத் தயாரானது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் சிங்கப்பூர்ச் சந்தைக்கான போனை லோக்கல் செட், டெல்கோ விற்பதை டெல்கோ செட், வேறு நாட்டுச் சந்தைக்கானதை எக்ஸ்போர்ட் செட் என்று பேசிக்கொள்வோம். 150 வெள்ளி குறைவு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே, எக்ஸ்போர்ட் செட்டாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

பிராண்டைச் சொல்லவில்லை, பரவாயில்லை. சாம்சங்கை வைத்து விளக்குகிறேன், அதில் இந்த விவரத்தை வெளிப்படையாகவே பார்க்கலாம். செட்டிங்ஸில் அபௌட் போன், அதற்குள் சாப்ட்வேர் இன்பர்மேஷன், அங்கே சர்வீஸ் புரொவைடர் சாப்ட்வேர் வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மூன்றெழுத்துக் குறியீடுகள் தெரியும். எக்ஸ்எஸ்பி என்றால் சிங்கப்பூரின் பொதுச் சந்தை. எஸ்ஐஎன் என்றால் சிங்டெல், எஸ்டிஎச் ஸ்டார்ஹப், எம்எம்1 என்றால் எம்1. எக்ஸ்எம்இ மலேசியா, ஐஎன்எஸ் இந்தியா, டிஜிஒய் ஹாங்காங். மாடல் எண்ணையும் பாருங்கள். கேலக்ஸி எஸ்24 இங்கே எஸ்921பி என்ற எண்ணில் விற்பனையானது. அமெரிக்காவின் அன்லாக்டு வகைக்கு எஸ்921யு1, ஹாங்காங்குக்கு எஸ்9210. கையில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பி வகையில் எக்ஸினோஸ் சிப், யு1 வகையில் ஸ்னாப்டிராகன். ஒன்றுக்கு வரும் அப்டேட் மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது. மற்ற பிராண்டுகளில் குறியீட்டின் பெயரும் இடமும் மாறும், அவ்வளவுதான்.

இந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஆண்ட்ராய்டு போனைக் கைப்பற்றலாம் என்ற நிலை. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. அறிக்கை வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போன் தயாரிப்பாளர்களுக்கு ஓட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். சிப் நிறுவனம் தன் பங்கைத் திருத்தித் தர வேண்டும். தயாரிப்பாளர் அதைத் தன் மென்பொருளோடு சேர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாடலுக்கும், ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். டெல்கோவும் பார்க்கும்: வோல்டி (4ஜி வழியாகப் போகும் குரல் அழைப்பு) வேலை செய்கிறதா, வைஃபை காலிங் வேலை செய்கிறதா, 5ஜி சரியாகப் பிடிக்கிறதா, அவசர எண்களான 995-க்கும் 999-க்கும் அழைப்பு போகிறதா என்று. இவ்வளவும் முடிந்த பிறகும் எல்லாருக்கும் ஒரே நாளில் வராது, தொகுதி தொகுதியாகத்தான் விடுவார்கள். நிறைய போன் விற்கும் மாடலையும் சந்தையையும் தயாரிப்பாளர்கள் முதலில் கவனிப்பது இயல்பு, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

டெல்கோ சோதனை இல்லாததால் அன்லாக்டு போனுக்கு முதலில் வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கேலக்ஸி எஸ்8-க்கு ஆண்ட்ராய்டு ஓரியோ வந்தபோது தலைகீழாக நடந்தது. 2018 மார்ச்சில் டெல்கோ போன்களுக்கு வந்துவிட்டது, அன்லாக்டு வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள். யாருக்கு முதலில் என்பது நிலையான விதி இல்லை.

இப்போது அம்மாவின் போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு பதிப்பு தாமதமாவதை விடுங்கள், அதற்காக நான் கவலைப்பட மாட்டேன். ஆண்ட்ராய்டு 15-ஐ கூகுள் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. சாம்சங்கின் எஸ்24-க்கு அது ஒன் யுஐ 7 என்ற பெயரில் 2025 ஏப்ரலில்தான் வந்தது. வந்த சில நாட்களிலேயே, கொரியாவில் சில போன்களின் திரைப்பூட்டு திறக்கவில்லை என்று புகார் எழுந்து, விநியோகத்தை நிறுத்திச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தார்கள். பெரிய பதிப்பு பிந்தி வருவது அம்மாவைப் போன்றவர்களுக்கு நல்லது என்றே சொல்வேன்.

பாதுகாப்பு அப்டேட் தேதி வேறு விஷயம். அந்தத் தேதி மாதத்தின் 1 அல்லது 5 என்று முடியும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியில் உள்ள ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன. 5 என்றால் அவற்றோடு கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), சிப், டிரைவர் பகுதிகளும் சேர்ந்திருக்கின்றன. மூன்று மாதம் பின்னால் இருப்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அரை ஆண்டைத் தாண்டினால் நான் என்றால் வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றிவிடுவேன்.

வங்கிச் செயலி திறக்காமல் போகுமா என்று கேட்டீர்கள். போனை நம்பலாமா என்று செயலிகள் கூகுளிடம் கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்கள் அதில் மிக உயர்ந்த தரத்தைப் பெற வேண்டுமானால், கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்பு அப்டேட் பெற்றிருக்க வேண்டும். எந்தத் தரம் வேண்டும் என்பதை அந்தந்தச் செயலிதான் முடிவு செய்கிறது. ஆகஸ்டு தேதி உள்ள போனுக்கு இப்போது ஆபத்தில்லை. அடுத்த ஆகஸ்டிலும் இதே தேதி நின்றால் அன்றைக்கு யோசிக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஆண்ட்ராய்டு 10-லிருந்து சில முக்கியமான பகுதிகளை கூகுள் நேராகவே அனுப்புகிறது, தயாரிப்பாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைத் தட்டுங்கள், பதிவிறங்கிய பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓடும் போன்களை நான் மேசையில் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் செய்தியில் படிக்கும் மோசடிகளில் பெரும்பாலானவற்றில் போனில் இருந்த ஓட்டை காரணமில்லை. முகநூலில் மீன், பலகாரம், ஏர்கான் சுத்தம் என்று மலிவு விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வரும். அதிலிருந்து ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) இறக்கி, அது கேட்கும் அனுமதியை எல்லாம் நாமே கொடுத்துவிடுவோம். குறிப்பாக, திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் விடும் அக்ஸசபிலிட்டி அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால் நவம்பர் அப்டேட் உள்ள போனும் காப்பாற்றாது. இதற்காகவே கூகுளும் நம் சைபர் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2024 பிப்ரவரியில், வெளியிலிருந்து இறக்கும் ஆபத்தான செயலிகளைத் தானாகத் தடுக்கும் முறையை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில் தொடங்கின. அம்மாவின் போனில் பிளே ஸ்டோருக்குள் போய், ஆபத்தான செயலிகளைக் கண்காணிக்கும் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று இன்றிரவே பாருங்கள். யார் போன் செய்து அதை அணைக்கச் சொன்னாலும் அணைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

சிம்லிம்_ரசிகன்:

இவ்வளவு யோசிப்பானேன்? கம்ப்யூட்டரில் இணைத்து சிங்கப்பூர் ரோமை (போனின் முழு மென்பொருள்) ஏற்றிவிட்டால் முடிந்தது. யூடியூபில் வழி முழுவதும் இருக்கிறது. நான் என் போனில் செய்து நன்றாக ஓடுகிறது.

தோபாயோ_சர்வீஸ்அக்கா:

உங்கள் போனில் ஓடுவது மகிழ்ச்சி. வேலை தெரிந்தவர் தன் போனில் செய்துகொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அம்மாவின் போனில் வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாடல் எண் வேறாக இருந்தால் அந்த ரோம் ஏறவே ஏறாது. மாடல் எண் பொருந்தினாலும், நாட்டை மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் பொதுவாக அழிந்துவிடும். படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வங்கியின் டிஜிட்டல் டோக்கனைப் புதிதாக அமைக்க வேண்டும், சிங்பாஸுக்கு மறுபடி முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். இடையில் ஏதாவது சிக்கினால் அம்மாவால் ஒரு பில் கட்ட முடியாது. புதிய பதிப்பு ஏறிய பிறகு பழையதற்குத் திரும்ப முடியாதபடி தடுப்பும் பல போன்களில் உண்டு. யூடியூபில் பாதி வழிகாட்டிகள், போனைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டை அன்லாக் செய்யச் சொல்வார்கள். அதைச் செய்த போனை வங்கிச் செயலிகள் நம்பாமல் போக வாய்ப்பு அதிகம். சாம்சங்கில் அது நாக்ஸ் என்ற உள்ளமைந்த பாதுகாப்பையே நிரந்தரமாக முறித்துவிடும், பிறகு பூட்டினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மூன்று மாதத் தாமதத்தைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய கதவைத் திறந்துவிட வேண்டாம்.

பொங்கோல்_டீச்சர்:

அக்காவின் விளக்கத்துக்கு நன்றி. என் மனத்தில் நீண்ட நாளாக இருக்கும் ஆதங்கத்தை எழுதுகிறேன். கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்று பெட்டிமேல் போட்டிருக்கிறது. இந்தப் போனுக்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மட்டும் எங்கும் இல்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இது சட்டம். குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2025 ஜூன் 20-லிருந்து அங்கே சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும். ஆண்ட்ராய்டின் பாதுகாப்புத் திருத்தம் வெளியான 4 மாதத்துக்குள் அது பயனாளிக்குக் கிடைக்க வேண்டும் என்று தாமதத்துக்கே கெடு வைத்திருக்கிறார்கள். இங்கே வைஃபை ரூட்டர்களுக்கு 2021-லிருந்து பாதுகாப்புத் தரம் கட்டாயம். சேமிப்பு, அடையாளம், மருத்துவ முன்பதிவு எல்லாம் போனுக்குள் போய்விட்ட ஊரில், போனுக்கும் அப்படி ஒரு கெடு வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தயாரிப்பாளர்கள் மனம் வைத்தால் முடியாததும் இல்லை. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுள் 7 ஆண்டு என்று அறிவித்தது, அடுத்த ஜனவரியில் எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. விலை குறைந்த மாடல்களுக்குத்தான் காலம் சுருங்குகிறது. வயதானவர்களுக்கு நாம் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அந்த மாடல்களைத்தானே?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னபடி பார்த்தேன். குறியீடு சிங்கப்பூருடையது இல்லை, வேறு நாட்டினுடையது. அந்த நாட்டுக்கே இந்த மாடலுக்கு ஆகஸ்டு அப்டேட்தான் கடைசியாக வந்திருக்கிறது. பிளே சிஸ்டம் அப்டேட் ஒன்று காத்துக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன். பிளே புரொடெக்ட் இயங்குகிறது.

ரசீதைத் தேடி எடுத்தேன். அதில் லோக்கல் செட் என்று கையால் எழுதி முத்திரை வைத்திருக்கிறார்கள். இப்போது கேட்டால், போன் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்டேட் எங்கள் கையில் இல்லை என்கிறார்கள். இதற்கு மேல் ஏதாவது செய்ய முடியுமா?

தோபாயோ_சர்வீஸ்அக்கா:

அப்டேட் கடைக்காரர் கையில் இல்லை என்பது சரி. ஆனால் எந்த நாட்டுப் போனை விற்றோம் என்பது அவர் கையில்தான் இருந்தது. ரசீதில் எழுதிக் கொடுத்தது ஒன்று, பெட்டியில் இருந்தது வேறொன்று. உங்கள் வழக்கு அதுதான், தாமதத்தைப் பற்றி அங்கே பேசிப் பயனில்லை.

கடைக்கு மறுபடி போவதற்கு முன் மூன்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ரசீது, மாடல் எண்ணும் குறியீடும் தெரியும் திரை, பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கர். மாற்றித் தரவேண்டும் அல்லது விலையில் வித்தியாசத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் கேஸ் என்ற பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், அங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, நாமே பேசிக்கொள்ள வேண்டும். குறையுள்ள பொருளை விற்றதற்கான லெமன் சட்டம் என்று 2012-லிருந்து நடப்பில் இருப்பதும் உங்கள் பக்கம்தான் பேசும். வாங்கி 6 மாதத்துக்குள் என்றால் இன்னும் வலுவாகப் பேசியிருக்கும், இப்போது அது கடந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்தில் லோக்கல் செட் என்று இருப்பது நல்ல ஆதாரம், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மாற்றித் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்வதற்கு முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து குறியீட்டையும் பாதுகாப்புத் தேதியையும் பாருங்கள். அங்கிருந்தே தங்கைக்கு ஓர் அழைப்பும் போட்டுப் பாருங்கள். இங்கே 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் போய்விட்டன. நம் டெல்கோவின் வோல்டி அந்த மென்பொருளில் இல்லையென்றால் இணையம் ஓடும், ஆனால் அழைப்பு போகாது. பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் 4ஜி அல்லது 5ஜி நின்றால் சரி.

மாற்றித் தரும்வரை அம்மா இதையே பயன்படுத்தட்டும். பேநவ் வரம்பை மட்டும் வங்கிச் செயலிக்குள் போய்க் குறைத்து வையுங்கள். மீன் வாங்க 100 வெள்ளி வரம்பு போதும். மீதிச் சேமிப்பை, வங்கிகள் தரும் பூட்டிவைக்கும் கணக்கு வசதியில் போட்டுவிடலாம். அதிலிருந்து இணையம் வழி யாராலும் பணத்தை மாற்ற முடியாது.